ஊரை நினைக்கிறவர்கள்

அவர் போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார். "எங்க இருக்கீங்க?" என்றுதான் கேட்பார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த அறைகள். நான் ஒரு நாளிதழின் மாவட்டச் செய்தியாளன். அவர் செல்போன் திரையில் வரும் விளம்பரங்களைக் கடைக்காரர்களுக்காகப் போட்டுக் கொடுப்பவர். நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு மட்டுமே. அதனால் அந்தக் கேள்வி நாள் முழுவதும் என் காதிலும் விழும். பதில் சொல்லாமல் யாரும் அவரிடம் அடுத்த பேச்சுக்குப் போக முடியாது. "வெளிய இருக்கேன்" என்றால் விட மாட்டார். எந்த வெளியே, எதற்கு எதிரே என்று தெரிந்தால்தான் குரல் தளரும்.

முப்பதைத் தாண்டியவர். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஜடை, இடது கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். தேவனாம்பட்டினத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பில் பிறந்து, சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்தவர். அவர் அண்ணன் இன்னும் படகில் போகிறார். அவர்கள் பேசிக்கொள்வது தடுப்பைத் தாண்டிக் கேட்கும்.

"எங்க இருக்க?"

"தண்ணியில. வேற எங்க இருப்பேன்?"

"எந்தத் தண்ணியில?"

"உப்புத் தண்ணியில. போன வை, வலை கெடக்குது."

போனை வைத்த பிறகு அவர் சிரிப்பார். ஒருமுறை என்னிடம் காரணம் சொன்னார். அவர்கள் குடியிருப்பில், கடலுக்குப் போன ஆள் திரும்புவதைக் கரையில் நின்று பார்ப்பதில்லையாம். போன் அடிக்கிறதா என்று பார்ப்பார்களாம். ஆழத்தில் இருக்கும்வரை அடிக்காது. கரையை நெருங்கினால் டவர் கிடைக்கும், ரிங் போகும். எடுத்துப் பேசக்கூட வேண்டியதில்லை. ரிங் போன உடனே அடுப்பில் உலை வைத்துவிடுவார்கள்.

"சிக்னல் வந்தா ஆளு வந்தாச்சுன்னு அர்த்தம் சார். எங்க வீட்ல அதுக்கு மேல சாட்சி கேக்க மாட்டாங்க."

அப்படி வளர்ந்தவர் இந்தத் தொழிலுக்கு வந்ததுதான் விசித்திரம். விளம்பரத்தை யாராவது விரலால் தொட்டால்தான் கடைக்காரர் கணக்கில் கட்டணம் ஏறும். ஆகவே சம்பந்தமில்லாத ஊர்க்காரர் தொட்டால் நஷ்டம். கடையைச் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு, இந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டு என்று சொல்லலாம். இந்த வட்டத்துக்குள் காட்டாதே என்றும் சொல்லலாம். மற்றவர்கள் அதைத் திரையிலேயே முடித்துவிடுவார்கள். இவர் வட்டத்தின் ஓரத்தை ஸ்கூட்டரில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். கோடு யார் வீட்டுக் கொல்லையில் விழுகிறது, எந்த வாய்க்காலைத் தாண்டுகிறது என்று கண்ணால் பார்க்காமல் வேலையைத் தொடங்க மாட்டார். கடலூரில் எந்தக் கடைக்கு வட்டம் போட்டாலும் பாதி கடலில் விழும். அந்தப் பாதிக்காக அவர் கடற்கரைக்குப் போய், ஈர மணலில் நின்று, எதுவும் இல்லாத நீரை வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஒருமுறை நான் உடன் போயிருந்தேன். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பல் டாக்டர் ஒருவர் அவரிடம் சண்டைக்கு வந்தார். "வட்டத்துல பாதிக் கடல். மீனுக்கா பல் புடுங்கப் போறேன்?"

"கடல்லயும் ஆளு இருக்காங்க டாக்டர்."

அடுத்த வாரம் ஒரு விசைப்படகிலிருந்து கடைவாய்ப்பல் வீக்கத்தோடு ஒருவர் டாக்டருக்குப் போன் செய்தார். கரை இறங்கியதும் நேராக அங்கேதான் வந்தாராம். டாக்டர் அதை வேடிக்கையாகச் சொன்னார். இவர் சிரிக்கவில்லை. "நான்தான் சொன்னேனே" என்றார்.

அண்ணாமலை நகரில் மாணவர்களுக்குச் சாப்பாடு போடும் ஒரு மெஸ்ஸுக்கு அவர் செய்த விளம்பரத்தில்தான் நான் முதன்முதலில் அந்தப் பிழையைப் புரிந்துகொண்டேன். மெஸ்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "துபாய்லேந்து போன் வருதும்மா. பெங்களூர்லேந்து வருது. யாரும் சாப்பிட வரல. இன்னைக்கு என்ன கொழம்புன்னு மட்டும் கேக்குறாங்க. ஒருத்தன் அழுவுறான்."

அவர் கம்ப்யூட்டரில் எதையோ தேடி, ஓர் இடத்தில் நின்றார். வட்டத்துக்குள் இருப்பவர்கள் என்று அவர் சொன்னதை இயந்திரம் தன்னிஷ்டத்துக்கு விரித்துக்கொண்டிருந்தது: அந்த ஊரில் இருப்பவர்கள், அல்லது அந்த ஊரில் ஆர்வம் காட்டுகிறவர்கள். மாற்றாமல் விட்டால் அப்படித்தான் இருக்குமாம். அங்கே படித்து, வேலைக்குப் போய், எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து பழைய மெஸ்ஸின் பெயரைத் தட்டிப் பார்த்தவர்களை எல்லாம் அது வட்டத்துக்குள் சேர்த்திருந்தது.

"ரெண்டு வகை ஆளு சார்" என்றார் என்னிடம். "ஊர்ல இருக்குறவன். ஊர நெனைக்கிறவன். இதுக்கு ரெண்டும் ஒண்ணு."

அதைத் திருத்தினார். 

சிதம்பரத்துப் பெரியவர் வந்தது அதற்குப் பிறகு. பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணாமலை நகரைத் தாண்டிச் சொந்த வீடு. கசங்காத சட்டை, பையில் மடித்த கைக்குட்டை. சிதம்பரத்தில் இதே வேலை செய்பவர்கள் இருக்க, கடலூர் வரை வந்திருந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது தெரியாமல் பேசினார்.

மகன் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடம். படிப்பை முடிக்காத கோபத்தில் இவர் ஏதோ சொல்லியிருக்கிறார். பையன் பையை மாட்டிக்கொண்டு இறங்கியவன் திரும்பவில்லை. நம்பர் செத்துவிட்டது.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"பேப்பர்ல?"

"பேப்பர்ல போட்டா ஊரு பாக்கும்." குரலைத் தாழ்த்தினார். "தெருவுல கேட்டவங்ககிட்ட சிங்கப்பூர்ல வேலைக்குப் போயிட்டான்னு சொல்லிட்டேன். இதுல போட்டா வேணும்ங்குற எடத்துக்கு மட்டும் காட்டலாமாமே. எங்க வேணா காட்டும்மா. சிதம்பரத்துல மட்டும் காட்டக் கூடாது."

பெரியவர் போன பிறகு, அந்த விளம்பரத்தை எப்படி அமைத்தார் என்பதை அவர் எனக்கு விளக்கினார். சிதம்பரத்தைச் சுற்றி ஒரு வட்டம்; அதற்குள் யாருக்கும் தெரியாது. அதற்கு வெளியே, தமிழ்நாடு முழுவதும், ஆர்வம் காட்டுகிறவர்களுக்கு மட்டும். மெஸ் விளம்பரத்தில் பிழையாக நுழைந்ததை இந்த முறை வேண்டுமென்றே வைத்தார். ஊரில் இல்லாமல் ஊரை நினைக்கிறவன் கண்ணில் மட்டும் பட வேண்டும். வாசகம் இரண்டே வரி: வீட்டில் மட்டும் அழைக்கும் பெயர், அதற்குக் கீழே, அம்மா கேட்கிறாள், ஒரு போன் செய். படம் கிடையாது.

வழக்கம்போல வட்டத்தின் ஓரத்தையும் போய்ப் பார்த்தார். வடக்கே அது புவனகிரியில், வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் விழுந்தது.

முதலில் சில நாள் யாரும் தொடவில்லை. பிறகு ஒரு நாள் ஒன்று. விழுப்புரம் என்று காட்டியது. மறுநாளும் ஒன்று, அதே விழுப்புரம். அதற்குப் பிறகு பண்ருட்டி. இயந்திரம் ஊர்ப் பெயரை மட்டும்தான் தரும். யார் என்று தராது. அதை அவர் தினமும் காலையில் பெரியவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். பண்ருட்டி என்று வந்த அன்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாலையில் திரும்பியவரிடம் எங்கே போனீர்கள் என்றேன். "பஸ் ஸ்டாண்டு. அப்பறம் திருவதிகைக் கோயில் வாசல்ல கொஞ்ச நேரம். வீட்டவுட்டுப் போனவங்க கோயில் வாசல்ல குந்துவாங்க சார்" என்றார். பெரியவர் தந்த புகைப்படம் அவர் கைப்பையில் இருந்தது.

"யாராச்சும் இருந்தாங்களா?"

"எல்லாரும் இருந்தாங்க."

அடுத்து வந்தது வடலூர்.

அன்று பெரியவர் போன் செய்து, வீட்டம்மா பார்க்க விரும்புகிறாள் என்றார். நானும் அவரோடு போனேன், ஒரு செய்திக்காகச் சிதம்பரம் போக வேண்டியிருந்தது. அந்த வீட்டின் கேட் அகலத் திறந்திருந்தது. தினமும் அந்த ஊர்ப் பெயர்களைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து அம்மாள் அதைச் சாத்த விடுவதில்லை என்று பெரியவர் சொன்னார். கூடத்து நாற்காலியில் ஒரு சட்டையும் கைலியும் துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தன. அம்மாள் மெலிந்தவர், பேச்சில் பதற்றமே இல்லை.

"வடலூர்ல இருக்கான்னா பசியோட இருக்க மாட்டான்" என்றார். "அங்க வந்தவங்களுக்கெல்லாம் சோறு போடுவாங்க. விழுப்புரத்துலதான் என்ன சாப்ட்டானோ."

அம்மாள் தன் போனை எடுத்து, "தெனமும் இதுலயும் வருதும்மா. சிதம்பரத்துக்கு பஸ்ஸு எந்நேரத்துக்குன்னு பாப்பேன்ல, அப்ப வரும். ஒரு தடவ தொடுவேன்" என்று நீட்டினார்.

திரையில் அந்த இரண்டு வரி இருந்தது. சிதம்பரத்தில் யாருக்கும் தெரியக்கூடாத விளம்பரம், சிதம்பரத்தில், அந்த வீட்டுக் கூடத்தில்.

விளம்பரக்காரர் போனை வாங்கி, அமைப்புகளைத் திறந்து பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெரியவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். நான் நடையில் நின்றதால் கேட்டது.

"அம்மாதான் சார் தொடுறாங்க. இந்த போன்ல இருக்குற எடத்தக் காட்டுறது ஆஃப்ல இருக்கு. அப்படி இருந்தா, நெட்டு கம்பெனி எந்த ஊரு வழியா வெளிய வுடுதோ அந்த ஊருன்னு மெஷின் எழுதிக்கும். போனு இங்கயே குந்திக்கிட்டு இருக்கும். பேரு இன்னைக்குப் பண்ருட்டி, நாளைக்கு வடலூரு. அதான் வட்டமும் தடுக்கல."

"அப்ப அவன்?"

"தெரியாது சார்."

அம்மாள் எப்போது வந்து நின்றார் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

"நான்தான் தொடுறேன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "நான் தொட்டா, அவன் எங்க இருக்கான்னு அது சொல்லுது."

அறிவுள்ள, படித்த பெண்மணி சொன்ன வார்த்தை அது. அதைவிட எனக்கு உறுத்தியது, விளம்பரக்காரர் அதை மறுக்காமல் நின்றது. கடைசியில், ஒரு சோதனைக்காக அந்தப் போனை ஓரிரு நாள் கொண்டு போகட்டுமா என்று கேட்டார். அம்மாள் உடனே கொடுத்துவிட்டார்.

"எடுத்துட்டுப் போ. வடலூரே வந்துட்டான். இனிமே எனக்கு எதுக்கு?"

கடலூர் வந்ததும் என் கண்முன் போனை அணைத்து, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அணைந்த போன் எதையும் தொடாது. நாளை வெறுமையாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அவர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அன்று பேசிக்கொண்டோம்.

மறுநாள் காலை அவர் தடுப்பைத் தட்டினார். நான் போனபோது உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். திரையில் அன்றைய தேதிக்கு எதிரே அதற்குள் ஒன்று என்று இருந்தது. ஊர் புவனகிரி.

இழுப்பறையைத் திறந்து பார்த்தோம். போன் அணைந்துதான் இருந்தது.

"யாரா வேணா இருக்கலாம் சார்" என்றார். "ஊர நெனைக்கிறவன் ஒருத்தன்தானா? ஆயிரம் பேரு இருப்பான்." சொல்லிவிட்டு வரைபடத்தைத் திறந்தார். வடலூர், புவனகிரி, அதற்குக் கீழே வட்டத்தின் கோடு. "ஆனா இவன் அவனா இருந்தான்னு வெச்சிக்குங்க. இன்னைக்குப் பாலத்தத் தாண்டுவான். தாண்டிட்டா விளம்பரம் தெரியாது. தொட முடியாது. அங்கேந்து அவன் எங்க இருக்கான்னு நமக்கு வராது. வராதபடி நாமதான் செஞ்சு வெச்சிருக்கோம்."

பெரியவரை அழைத்தார். வட்டத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். ஸ்பீக்கரில் பெரியவர் குரல் வந்தது.

"ஊரெல்லாம் பாத்துடுமேம்மா."

"அப்ப பாலத்துக்காச்சும் வாங்க சார். நாங்களும் வரோம்."

நாங்கள் புவனகிரி போய்ச் சேர்ந்தபோது பெரியவர் பாலத்தின் தென்முனையில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். ஆற்றில் மணலும் கோரையும், நடுவே ஒரு கோடு தண்ணீர். பஸ்கள் போயின, கரும்பு ஏற்றிய டிராக்டர் போனது. நடந்து வருகிற ஒவ்வொருவரின் முகத்தையும் பெரியவர் பார்த்தார். அவர் சட்டைப் பையிலும் ஒரு புகைப்படம் இருந்தது. கையை அதன்மேல் வைத்திருந்தாரே தவிர எடுக்கவில்லை. படத்தைக் காட்டி விசாரிக்கலாமே என்று விளம்பரக்காரர் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும், "தெரிஞ்சவங்க வருவாங்கம்மா" என்றார்.

வந்தார்கள். சிதம்பரம் பக்கமிருந்து ஸ்கூட்டியில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து நிறுத்தினார். பெரியவரின் எதிர் வீட்டுக்காரர்.

"என்ன சார் இங்க நிக்கிறீங்க? வண்டி பஞ்சரா?"

பெரியவர் பையிலிருந்து படத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"என் பையன் சிங்கப்பூர் போகல. ரெண்டு வருஷமா எங்க இருக்கான்னே தெரியாது. நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். எங்கயாச்சும் பாத்தா சொல்லுங்க."

எதிர் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"என்ன சார் சொல்றீங்க. கொஞ்ச முன்னாடி உங்க வீட்டு கேட்டாண்ட நின்னுக்கிட்டு இருந்தாரே."

"யாரு?"

"இவருதான். பைய மாட்டிக்கிட்டு, கேட்டு மேல கைய வெச்சிக்கிட்டு. மொகம் சரியாத் தெரியல, முதுகுதான் தெரிஞ்சுது. ஆனா உங்க கேட்டுல வேற யாரு அப்படி உரிமையா கை வெப்பாங்க? சிங்கப்பூர்லேந்து லீவுல வந்துட்டாருன்னு நெனச்சேன். அதான் கூப்புடல. அப்பறம் வந்து பாத்துக்கலாம்னு வந்துட்டேன்."

"நான் கெளம்புறப்ப யாரும் இல்லையே."

"நீங்க போன பின்னாடிதான் சார். நீங்க தெரு முனை திரும்புனீங்க, நான் பால் வாங்க வெளிய வந்தேன். அப்பதான்."

வீட்டுக்குப் போன் செய்யலாம் என்று பெரியவர் தன் போனை எடுத்தார். பெயரைத் தேடி அழுத்தப் போனவர் நிறுத்தி, விளம்பரக்காரரைப் பார்த்தார். வீட்டில் இருந்தது அந்த ஒரு போன்தான்.

மூன்று வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதம்பரத்துக்கு ஓடின. கேட் திறந்திருந்தது. நாற்காலியில் சட்டையும் கைலியும் மடித்தபடியே இருந்தன. அம்மாள் கூடத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வந்தான்" என்றார். "சாப்ட்டான். அப்பா எங்கன்னான். பாலத்தாண்ட போயிருக்காரு, உன்னத் தேடித்தான்னேன்."

பெரியவர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். "எப்படி இருக்கான்?"

"எளச்சிட்டான்."

"இருக்கச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். நிக்கல. என் நம்பரப் போட்டுத் தரேன், போன கொண்டாம்மான்னான். போன் கடலூர்ல இருக்குன்னேன்." கோபமில்லாமல்தான் சொன்னார். "காயிதத்துல எழுதுடான்னு பேனா எடுக்க உள்ள போனேன். வந்து பாத்தா இல்ல."

எதிர் வீட்டுக்காரர் தெருவில் இருபுறமும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். நான் தொழில் பழக்கத்தில் சமையலறையை எட்டிப் பார்த்தேன். மேடையில் இரண்டு தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஈரமாக இருந்தன. அதற்கு மேல் நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

விளம்பரக்காரர் கூடத்தில் நின்றபடியே செல்போனில் அந்த வட்டத்தை அழித்தார். படத்தையும் பெரியவர் பெயரையும் சேர்த்தார். சேர்க்கட்டுமா என்று கேட்கவில்லை, பெரியவரும் தடுக்கவில்லை. பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். போனைக் கொண்டுவரத்தான் கிளம்புகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அம்மாள் ஈரத் துணியோடு கேட் வரை அவர் கூடவே போனார்.

"சார்ஜ் போட்டு எடுத்தாம்மா" என்றார். "அடுத்த தடவ அவன் வரும்போது கையில குடுத்துடுறேன்."